சுண்ணாம்புச் சுவரும் கறுப்பு அலுமாரியும்

என்னை இரண்டு இடத்தில் பார்த்துவிட்டு, இரண்டு பெண்களைப் பார்த்தேன் என்று ஊருக்குச் சொன்ன ஒருத்தியைப் பற்றி இதை எழுதுகிறேன். அவர் இப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தாலும் எழுதியிருப்பேன்.

எங்கள் வீடு உடுப்பிட்டியில். ஐயா புகையிலைத் தோட்டக்காரர். அம்மா இளமையிலேயே போய்விட்டதால் வீட்டைப் பார்த்துக்கொண்டவள் நான். எனக்குக் கீழே ஒரு தங்கச்சி, கடைசியாக ஒரு தம்பி. தங்கச்சி நல்ல வெள்ளை. நான் பொதுநிறம். எங்கள் வீட்டில் யாரும் அதை ஒரு விஷயமாக எடுத்துப் பேசியது கிடையாது.

எனக்குப் பத்தொன்பது வயது நடக்கும்போது ஒரு கலியாணப் பேச்சுக்கால் வந்தது. மாப்பிள்ளைக்கு மலாயாவில் ரயில்வே உத்தியோகம். அவர் வந்து பார்க்க வசதியில்லை. காங்கேசன்துறையில் வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய தமக்கைதான் பெண் பார்த்து எழுதவேண்டும். அவர் சரி என்றால் சரி. நேரே வீட்டுக்கு வருமுன் கோயிலில் ஒருமுறை பெண்ணைப் பார்த்துவிட விரும்புகிறார் என்று தரகர் சொன்னார்.

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு அந்தத் தமக்கை வந்தார். நான் உள் மண்டபத்தில், எண்ணெய் பிடித்துக் கறுத்துப்போன கல்தூணோடு சாய்ந்தாற்போல நின்றேன். உடுத்திருந்தது கடும் அரக்கு நிறச் சேலை. வெளியே நல்ல வெயில் என்றாலும் அந்த இடத்துக்கு விளக்கு வெளிச்சம்தான். அவர் எதிர்ப்பக்கத்தில் நின்று என்னை வடிவாகப் பார்த்தார். தங்கச்சி அன்றைக்குக் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தாள்.

அன்று பின்னேரம் தரகர் சிரித்துக்கொண்டு வந்தார். "நல்ல வெள்ளைப் பிள்ளையாம். நல்லாப் பிடிச்சுக்கொண்டுதாம்," என்றார். எனக்கு அது விசித்திரமாக இருந்தது. என்னை அதுவரை யாரும் வெள்ளை என்று சொன்னதில்லை. ஐயாவோ சந்தோஷத்தில் அதைக் கவனிக்கவே இல்லை. அவர்கள் முறைப்படி பெண் பார்க்க வருகிறார்கள் என்று, கிடந்த சுண்ணாம்பையெல்லாம் நீற்றி வீடு முழுக்க வெள்ளையடிப்பித்தார்.

அவர்கள் ஒரு காலை நேரத்தில் வந்தார்கள். விறாந்தையில் கதிரைகள் போட்டிருந்தன. முற்றத்து வெயில் புதுச் சுண்ணாம்புச் சுவரில் பட்டுக் கண்ணைக் குத்தியது. நான் வெளிறிய மஞ்சள் சேலை உடுத்து, பலகாரத் தட்டோடு வந்து, அந்தச் சுவரோரக் கதிரையில் இருந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோப்பியைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

"உது நான் கோயிலிலை பாத்த பிள்ளை இல்லை."

ஐயாவுக்கு விளங்கவில்லை. "இவள்தான் என்ரை மூத்தவள். இவளைத்தானே நீங்கள் பாத்தனீங்கள்," என்றார்.

"நான் பாத்தது வெள்ளைப் பிள்ளை. உவள் கறுப்பு. எனக்குக் கண் தெரியாதெண்டு நினைச்சியளோ?"

அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி என்ன நடக்கிறது என்று அறியக் கதவோரம் எட்டிப் பார்த்தாள். அவர் விரலை நீட்டினார்.

"அந்தா, அவளைத்தான் காட்டினனீங்கள். இளையவளைக் காட்டிப்போட்டு மூத்தவளை எங்கடை தலையிலை கட்டப் பாக்கிறியள்."

அயல்வீட்டுப் பெண்கள் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐயா சாமியறைக்குள் போய்க் கற்பூரத்தட்டை எடுத்துவந்து, எல்லாருக்கும் முன்னால் கொளுத்தி, கையை மேலே பிடித்துச் சத்தியம் பண்ணினார். கோயிலில் நின்றவள் மூத்தவள்தான் என்றார்.

அவர் எழுந்து சேலையை உதறிவிட்டுச் சிரித்தார். "கற்பூரம் கொளுத்தினால் கறுப்பு வெளுக்குமோ?" என்றார்.

வேலிக்கு மேலாலும் யாரோ சிரித்தார்கள். யார் என்று எனக்குத் தெரியும். அவரையும் நான் மறக்கவில்லை.

கதை பரவ அதிக நாள் எடுக்கவில்லை. இளையவளைக் காட்டி மூத்தவளைத் தள்ளப் பார்த்த வீடு என்று எங்கள் வீட்டுக்குப் பெயர் வந்தது. எனக்குப் பிறகு ஒரு பேச்சுக்காலும் வரவில்லை. தங்கச்சிக்கு வந்தவர்கள், இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டச் சொன்னார்கள். ஐயா அப்படி வந்த ஒரு கூட்டத்தை வாசலோடு திருப்பி அனுப்பினார். அவர் கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டார். போனால் சத்தியத்தைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்று பயந்தார் என நினைக்கிறேன்.

நான் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிவந்தேன். கரி படிந்த குசினிக்குள் பார்த்தால் என் முகம் வெளிச்சமாக இருந்தது. முற்றத்தில், வெள்ளைச் சுவருக்கு முன்னால் பார்த்தால் கறுத்துத் தெரிந்தது. எது என் முகம் என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஒரு பெண்ணுக்குத் தன் முகத்தில் சந்தேகம் வரச் செய்தவளை நான் மன்னிக்க வேண்டும் என்று பிற்காலத்தில் எத்தனையோ பேர் சொன்னார்கள். அவர்கள் யாரும் அந்தக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர்கள் அல்லர்.

கலியாணம் இல்லை என்று ஆனபின் படிப்பு இருந்தது. மிஷன் நடத்திய பெண் ஆசிரியர் பயிற்சிப் பாடசாலையில் சேர்ந்தேன். அங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

சித்திரப் பாடத்துக்கு அட்டைகள் செய்துகொண்டிருந்தோம். மண்ணிறத் தாள் ஒன்றில் இலைகள் வெட்டி, பாதியை வெள்ளை அட்டையிலும் பாதியைக் கறுப்பு அட்டையிலும் ஒட்டினேன். எனக்குப் பக்கத்தில் இருந்து வேலை செய்தவள் ஒரு போதகரின் மகள். அவள் இரண்டு அட்டைகளையும் பார்த்துவிட்டு, "நீர் ரண்டு தாள் எடுத்திட்டீர். ஒண்டு வெளிறல், மற்றது கடுமை," என்றாள்.

"ஒரே தாள்தான்."

"பொய் சொல்லாதையும். எனக்குக் கண் தெரியுது."

எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. வெள்ளை அட்டையில் இருந்த இலை ஒன்றையும் கறுப்பு அட்டையில் இருந்த இலை ஒன்றையும் நகத்தால் உரித்து மேசையில் ஒன்றோடொன்று தொட வைத்தேன். இரண்டுக்கும் மயிரளவு வித்தியாசம் இல்லை. அவள் திகைத்துப்போனாள். நான் அவளைவிடத் திகைத்துப்போனேன். கறுப்பு அட்டை என்பது கோயில் தூண். வெள்ளை அட்டை என்பது எங்கள் விறாந்தைச் சுவர். உரித்து வைத்த இலை நான்.

அதன்பிறகு விடுதியில் உள்ள எல்லாரிடமும் அந்த அட்டைகளைக் காட்டினேன். அவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. சிலருக்கு இரண்டு இலையும் பகலும் இரவும் போல வேறாகத் தெரிந்தன. சிலர் கொஞ்சம் வித்தியாசம் என்றார்கள். நிறம் கலக்கிப் பழகிய ஒருத்தி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, ஏறத்தாழ ஒன்றுதான் என்றாள். ஆனால் ஒருத்திகூட, தான் பார்ப்பது பிழையாக இருக்கலாம் என்று சந்தேகப்படவில்லை.

இதை நான் பல வருஷம் யோசித்தேன். கண் ஒரு நிறத்தைத் தனியே எடுத்துப் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறது. இனிப்பான பயற்றம் பணியாரம் தின்றபின் நல்ல வாழைப்பழமும் புளிப்பது போலத்தான் இது. அதோடு கண் இன்னொரு கணக்கும் பார்க்கிறது. இந்த இடத்தில் விழுவது எவ்வளவு வெளிச்சம், இது நிழலா வெயிலா என்று ஊகித்து, அதைக் கழித்துவிட்டுத்தான் நிறத்தைச் சொல்கிறது. அந்த ஊகம் ஆளுக்கு ஆள் வேறு. நிழல் என்று எடுத்துக்கொள்பவருக்கு ஒரு நிறம், வெயில் என்று எடுத்துக்கொள்பவருக்கு இன்னொரு நிறம். ஊகம் நடந்ததே நமக்குத் தெரிவதில்லை. விடை மட்டும்தான் தெரிகிறது. அதனால்தான் எல்லாரும் சத்தியம் பண்ணத் தயாராக இருக்கிறார்கள்.

விஷயம் விளங்கியபின் என் கோபம் தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை. அவருடைய கண் பிழைத்தது இயற்கை, அதற்கு அவரைக் குறை சொல்லமாட்டேன். ஐயா கற்பூரத்தில் கை வைத்தபோது சிரித்தது கண் அல்லவே. அதற்கு ஒருநாள் அவர் பதில் சொல்லவேண்டும், அதுவும் தன் கண்ணைக் கொண்டே சொல்லவேண்டும் என்று முடிவு செய்தேன்.

வருஷங்கள் ஓடின. நான் படிப்பிக்கத் தொடங்கினேன். தங்கச்சி ஒருவழியாகக் கலியாணம் முடித்துக் கொழும்புக்குப் போனாள். தம்பிக்குக் காங்கேசன்துறையில் துறைமுகச் சுங்கப் பகுதியில் எழுத்தர் வேலை கிடைத்தது. பிறகு ஒருநாள் தரகர் வந்து, தம்பிக்கு ஒரு பெண் இருக்கிறது என்று தொடங்கி, பெண்ணின் தாயார் யார் என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார். அதே பெண்மணிதான். தம்பி ரயில் ஸ்டேசனில் அந்தப் பிள்ளையைக் கண்டு விருப்பப்பட்டிருக்கிறான். தரகரை அனுப்பியதே அவன்தான்.

"வேண்டாம் பிள்ளை. அந்தப் பக்கம் போகவேண்டாம்," என்றார் ஐயா.

"நான் போய்ப் பொம்பிளை பாத்திட்டு வாறன் ஐயா," என்றேன்.

கடும் அரக்கு நிறத்தில் ஒரு சேலை வாங்கி உடுத்துக்கொண்டு தரகரோடு காங்கேசன்துறைக்குப் போனேன். வசதியான வீடு. கடற்கரை வெளிச்சம் உள்ளே வராதபடி கூடத்து யன்னல்களுக்குக் கடும் பச்சைத் திரை. உள்ளே கருங்காலி அலுமாரி ஒன்று சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. எனக்கு வாசலோரக் கதிரையைக் காட்டினார்கள். வெளிச்சம் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி, அலுமாரிக்கு முன்னால் இருந்த கதிரையில் போய் இருந்தேன்.

அவர் சற்றுப் பருத்திருந்தார். மற்றபடி அதே ஆள். என்னை நன்றாகப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நீர் இளையவர்தானே?"

"ஏன் அப்பிடிக் கேக்கிறியள்?"

"உம்மைத்தான் நான் அண்டைக்குக் கோயிலிலை பாத்தனான். அதே முகம், அதே நிறம். உம்மடை ஐயா அண்டைக்கு உம்மைத் தந்திருந்தால் நீர் இப்ப மலாயாவிலை ராசாத்தி மாதிரி இருந்திருப்பீர். மூத்தவளைத் தள்ளப் பாத்தார். என்ன செய்யிறது, பெத்த மனம்." பிறகு குரலில் ஓர் அக்கறையோடு கேட்டார். "அந்தக் கறுத்தப் பிள்ளை இப்ப எங்கை?"

"இருக்கிறா. படிப்பிக்கிறா."

"பாவம்."

தரகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டினேன்.

"நான்தான் இளையவள் எண்டு உங்களுக்கு நல்லாத் தெரியுமோ?" என்று கேட்டேன். "கனகாலமாச்சு. கண் மாறிப் பாத்திருக்கும்."

"என்ரை கண் மாறிப் பாக்காது. வேணுமெண்டால் இந்தச் சாமிப் படத்திலை அடிச்சுச் சத்தியம் பண்ணுவன்."

"பண்ணுங்கோ."

அவர் சிரித்துக்கொண்டே எழுந்து, சுவரில் இருந்த முருகன் படத்தில் கையை வைத்தார். வைத்து, கோயிலில் பார்த்தது இந்த இளையவளைத்தான், மூத்தவள் வேறு பிள்ளை என்றார். அவருடைய கணவர் சாய்கதிரையில் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து பின்விறாந்தைக்கு நடந்தேன். வரும்போதே அதைப் பார்த்து வைத்திருந்தேன். புதிதாக வெள்ளையடித்த சுவர், நேரே வெயில். அந்தச் சுவரில் முதுகு படாமல் நின்றுகொண்டு, சேலைத் தலைப்புக்கு மேல் பையில் கொண்டுபோயிருந்த ஒரு வெள்ளைச் சால்வையைப் போர்த்தேன்.

"இஞ்சை வந்து வடிவாப் பாருங்கோ," என்று கூப்பிட்டேன்.

எல்லாரும் வந்தார்கள். அவர் வாசற்படியில் நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். திரும்பி இருட்டுக் கூடத்துக்குள் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அவருடைய வாய் கொஞ்சம் திறந்தது.

"நீர்... மூத்தவள்."

"அப்ப உள்ளுக்கை இருந்தது ஆர்?"

"இது வெயில். வெயிலுக்கை ஆரும் கறுப்பாத்தான் தெரிவினம்."

"அண்டைக்கும் வெயில்தான். வெள்ளைச் சுவர்தான். அண்டைக்கு என்ரை ஐயா கற்பூரத்திலை கை வைச்சவர். நீங்கள் இப்ப முருகனிலை கை வைச்சனீங்கள். ரண்டிலை எது பொய்ச் சத்தியம்?"

அவருடைய கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பெண்மணி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டார். "இதென்ன மாயம்?" என்றார் மெதுவாக.

"மாயமில்லை. கண் பக்கத்திலை இருக்கிறதையும் பாத்துத்தான் நிறம் சொல்லும். அது உங்களுக்குத் தெரியாமல் இருந்தது குற்றமில்லை. நீங்கள் சிரிச்சதுதான் குற்றம்."

அப்போதுதான் அவருடைய மகள் தட்டோடு குசினி வாசலில் நிற்பதைக் கண்டேன். அந்தப் பிள்ளை என்னைவிடக் கறுப்பு. திரையும் இருட்டும் ஏன் என்று எனக்கு விளங்கியது. வெளிச்சத்தை மறைத்தால் பெண் வெளுப்பாகத் தெரிவாள் என்று அந்தத் தாய் பட்டறிந்திருக்கிறார். தன் மகளுக்கு வந்தபோது மட்டும் அது தெரிந்திருக்கிறது. 'உவள் கறுப்பு' என்று அவர் அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை அழுதிருப்பாள், நானும் வீட்டுக்குப் போயிருப்பேன். எனக்கு அது போதாது.

"பிள்ளை எனக்குப் பிடிச்சிருக்கு," என்றேன். "கலியாணத்துக்குச் சம்மதம். ஒரு நிபந்தனை. எங்கடை கோயில் திருவிழாவுக்கு வந்து, வெளி வீதியிலை, ஐயாவுக்கு முன்னாலை, ஆக்கள் கேக்க, நான் பாத்தது ஒரே பிள்ளையைத்தான் எண்டு சொல்லவேணும்."

"அது நடவாத காரியம்," என்றார் அவர்.

"அப்ப கலியாணமும் நடவாது."

தம்பி அடுத்த ஞாயிறே வீட்டுக்கு வந்தான். "அக்கா, உங்கடை கோபத்துக்கு என்ரை கலியாணமோ?" என்று கேட்டான்.

"ஓம்," என்றேன்.

அவன் சாப்பிடாமல் போனான். மாதங்கள் போயின. அந்தப் பக்கத்தில் இருந்து தரகர் பழத்தட்டோடு வந்தார். அந்தப் பெண்மணி எங்கள் வீட்டுக்கு வந்து தனியே சொல்லுகிறாராம். முடியாது என்றேன். கடிதமாக எழுதித் தருகிறாராம். அதுவும் வேண்டாம் என்றேன். ஐயா, "விடு பிள்ளை," என்று மறுபடி மறுபடி சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எனக்குப் பிடிவாதம் கூடியது. கடைசியில் அந்தப் பிள்ளை வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று சாப்பாட்டை மறுத்துவிட்டாள். தாய் இறங்கி வந்தார்.

தேர்த் திருவிழா அன்று தேர் வீதி சுற்றி இருப்புக்கு வந்து சனம் இளைப்பாறிக்கொண்டிருந்த நேரம். நான் ஐயாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். அவர் கோயிலடிக்கு வந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஊரார் சுற்றி நின்றார்கள். அந்தப் பெண்மணி கணவரோடு வந்து எங்கள் முன்னால் நின்று, நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"நான் அண்டைக்குப் பாத்தது ஒரே பிள்ளைதான். என்ரை கண் பிழைச்சுப் போச்சு."

ஐயாவுக்குக் காது மந்தம். அவர் என் பக்கம் திரும்பி, "என்னவாம் சொல்லுறா?" என்று கேட்டார்.

நானே அவருக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஐயாவுக்குக் கேக்கேல்லையாம். கொஞ்சம் பலத்துச் சொல்லுங்கோ," என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த வெறுப்பு எனக்கு இனித்தது. பிறகு தொண்டை கிழிய, தேரடியில் நின்றவர்களும் திரும்பிப் பார்க்கும்படி, மறுபடி சொன்னார். அன்றைக்கு வேலிக்கு மேலால் சிரித்தவரும் கூட்டத்தில் நின்றார். எங்களுக்கு அது அப்பவே தெரியும் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐயாவுக்கு இம்முறை கேட்டது. நான் எதிர்பார்த்தது என்னவோ, அவர் செய்தது வேறு. "வெயிலுக்கை நிக்கிறியள். நிழலுக்கு வந்து இருங்கோ. ஏதும் குடிச்சனீங்களோ?" என்று அவர்களைக் கேட்டார். பிறகு அந்தக் கணவரின் தோளில் கைபோட்டுக்கொண்டு கோயிலுக்குள் போனார். எனக்கு ஐயா மேல் கோபம் வந்தது. என் கையில் இருந்ததை அவர் பிடுங்கி யாருக்கோ கொடுத்துவிட்டது போல இருந்தது.

கலியாணம் நடந்தது. தம்பியின் மனைவி நல்லவள். என்னோடு ஒட்டுதலாக இருந்தாள், அவளுடைய பிள்ளைகளை நான்தான் படிப்பித்தேன். அவளுடைய தாயோடு நான் தேவைக்கு மட்டும் கதைத்தேன்.

உலக யுத்தம் முடிந்த காலத்தில் அவருக்குக் கண்ணில் பூ விழுந்தது. தம்பி வீட்டில் வந்து தங்கியிருந்தார். நிறங்கள் எல்லாம் மங்கிப் பழுப்பாகத் தெரிகின்றன என்று முறைப்பட்டார். ஒருநாள் யாரோ கொண்டுவந்து கொடுத்த புதுச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு, யன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

"பிள்ளை, இது என்ன நிறம்?"

அது நல்ல நீலம்.

"கிளிப்பச்சை," என்றேன்.

அவர் அதை உடுத்துக்கொண்டு ஒரு கலியாண வீட்டுக்குப் போய், என் கிளிப்பச்சைச் சேலை எப்படி என்று எல்லாரையும் கேட்டிருக்கிறார்.